உங்கள் முதல் பவளம்: அடையாளம் காண்பது, வாங்குவது, இடம் பார்த்து வைப்பது

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எல்லையின் இரண்டு பக்கமும் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் பாறை என்று இருக்கும்வரை பெரிய சிக்கல் வராது. பவளம் வாங்கலாம் என்று கிளம்பியதும் ஆரம்பிக்கும். கடைக்காரர் ஒரு பெயர் சொல்வார், படத்துக்குக் கீழே வேறொரு பெயர் இருக்கும், பார்சலைப் பிரித்தால் மூன்றாவதாக ஒன்று வந்திருக்கும். சரியாக விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்காமல் நான் நிறைய அலைந்தேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன பவளம் என்று உங்கள் கண்ணால் அடையாளம் தெரியாதவரை எதற்கும் காசு கொடுக்காதீர்கள். எவ்வளவு வெளிச்சம், எங்கே வைப்பது, பக்கத்தில் எது இருக்கலாம், வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி சரியா என்பதெல்லாம் அந்த அடையாளத்தைப் பொறுத்தது.

1. தொட்டி தயாரா?

தொட்டி ஓட ஆரம்பித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வர பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குப் பிறகு கண்ணாடியிலும் பாறையிலும் பழுப்புப் பாசி படியும். அதுவும் அடங்கட்டும். தண்ணீர் விட்ட நாளிலிருந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து முதல் பவளத்தை வாங்கினால் பாதித் தொல்லை இல்லை.

பார்க்க வேண்டிய அளவுகள்: உப்பு 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு (அடர்த்தி 1.025 முதல் 1.026), வெப்பம் 25 முதல் 27 டிகிரி, காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கலாம். இந்த இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோக மெனக்கெடாதீர்கள், கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்கள் பட்டினி கிடக்கும். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 பிபிடி திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்ஜியம் காட்டினால் போதாது.

நம் ஊருக்கென்றே சில பொறிகள் உண்டு.

கடல் பக்கத்தில்தானே என்று தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கேனில் தண்ணீர் கொண்டுவரும் யோசனை எல்லோருக்கும் வரும். குழித்துறை தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும், வயலின் உரமும் ஊரின் சாக்கடையும் சேர்ந்து வரும். ஆர்ஓ தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைப்பதே நல்லது. லிட்டருக்கு சுமார் 35 முதல் 38 கிராம் பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் குடிக்க இனிப்பாக இருக்கிறது என்று அதையே ஊற்றாதீர்கள். அயோடைஸ்டு சமையல் உப்பும் வேண்டாம்.

கடற்கரை மணலும் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்க மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருப்பதால்தான் அங்கே அரசு ஆலையே வைத்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த மணலுக்குத் தொட்டியில் வேலை இல்லை. அடியில் மணலே போடாமல் விட்டாலும் குற்றமில்லை, சுத்தம் செய்வது சுலபம்.

வீட்டில் ரப்பர் தோட்டம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் கலக்கும் வாளியும், ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா ஊற்றும் கேனும் எவ்வளவு கழுவியிருந்தாலும் உப்பு கரைக்க ஆகாது. புது வாளி ஒன்று வாங்கி, மேலே ‘மீன்’ என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். வீட்டில் மற்றவர்களும் வாளி எடுப்பார்கள்.

2. எது கூடும், எது கூடாது

இதைப் படிக்காமல் மூன்றாவதற்குத் தாவாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. கல் எலும்புக்கூடு உள்ள வன்பவளங்கள் அனைத்தும் அதில் அடங்கும். கருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி எல்லாமும் உண்டு. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல் இது. முதல் பட்டியல் உயிர் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

செத்த பவளத்துக்கும் இதே கதிதான். கரையில் ஒதுங்கிய வெள்ளைக் கல்லைப் பொறுக்கிவந்து அலங்காரத்துக்கு வைப்பதும் தப்பு. ‘லைவ் ராக்’ என்று விற்பதில் பெரும்பகுதி பழைய பவள எலும்புக்கூடுதான். அதனால் பாறைக்கு செராமிக்கிலோ சிமெண்டிலோ செய்தவற்றை எடுங்கள். முதலில் பொம்மைத்தனமாக இருக்கும். ஆறு மாதத்தில் ஊதாப் பாசி மூடிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

குளச்சல், முட்டம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் வலையில் மாட்டிய கடல்விசிறியை ஆசையாகக் கொண்டுவந்து தருவார்கள். நன்றி சொல்லி, வாங்காமல் விடுங்கள். பாறை சுத்தம் செய்யும் என்று கடல் அட்டையையோ, அழகுக்கென்று கடல்குதிரையையோ யாராவது நீட்டினாலும் அப்படித்தான், இரண்டும் முதல் பட்டியல்.

“இது இந்தோனேசியாவிலிருந்து வந்தது, நம்ம சட்டம் பொருந்தாது” என்று வன்பவளத்தை விற்கப் பார்ப்பார்கள். வன்பவளங்கள் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. எல்லை தாண்டி வர அனுமதிக் காகிதம் இருந்தாக வேண்டும். உங்கள் கையில் இருக்கும் துண்டும் அந்தக் காகிதமும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவைதான் என்று பிறகு நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். தொடக்கக்காரருக்கு அந்த வம்பே வேண்டாம். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் குமரிக்காரர்கள் நாகர்கோவிலில் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்கலாம், அந்தப் பக்கத்தவர்கள் திருவனந்தபுரத்தில் வனத்துறையிடம் கேட்கலாம்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று மனம் தளர வேண்டாம். மஷ்ரூம், ஜோவா, லெதர், கிரீன் ஸ்டார் பாலிப், ஸீனியா, கென்யா ட்ரீ என்ற மென்பவளக் கூட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. நல்லவேளையாக, தொடக்கக்காரர் தொட்டியில் பிழைப்பவையும் இவைதான். பட்டியலில் இல்லை என்பதால் நீங்களே கடலில் இறங்கிப் பிடுங்கலாம் என்று ஆகாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டையே வாங்குங்கள். கடைப் பேச்சில் அதற்கு ஃப்ராக் என்று பெயர்.

3. கடையில் நின்று அடையாளம் காண்பது

கடைத் தொட்டிகளில் பெரும்பாலும் நீல விளக்குதான் எரியும். அதில் எல்லாமே மின்னும். முதல் வேலையாக வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள். போட மாட்டேன் என்றால் வேறு கடை பாருங்கள். அப்புறம் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கொம்பு (வாயைச் சுற்றி விரல்போல நீள்வது) எண்ணிக்கை அதில் தெரியும்.

முதல் கேள்வி: அடியில் கல் இருக்கிறதா? ஒரு கடையில் எனக்கு ஹேமர் பவளத்தை மென்பவளம் என்று காட்டினார்கள். பையன் உண்மையாகவே நம்பித்தான் சொன்னான்: “தொட்டுப் பாருங்கண்ணா, எவ்வளவு சாஃப்ட்டா இருக்கு.” விரல் நீளக் கொம்புகள், நுனியில் சுத்தியல் மாதிரி குறுக்காக ஒரு பட்டை, தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தி, பக்கத்தில் குச்சியால் லேசாகத் தட்டச் சொன்னேன். கொம்புகள் மெதுவாக உள்ளே போனதும் வட்டமான வெள்ளைக் கிண்ணமும், அதன் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போகும் மெல்லிய கல் தகடுகளும் வெளியே தெரிந்தன. அந்தத் தகடுகள்தான் வன்பவளத்தின் அடையாளம். தொட்டால் மிருதுவாக இருப்பது ஒரு அடையாளமே இல்லை, ஊதிய சதை எதுவும் மிருதுவாகத்தான் இருக்கும். மென்பவளம் சுருங்கினால் ரப்பர் கட்டி மட்டும் மிஞ்சும்.

இப்படி ஏமாற்றும் வன்பவளங்களின் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: டார்ச், ஹேமர், ஃப்ராக்ஸ்பான், கோனியோபோரா, டங்கன். ஆரஞ்சு நிறத்தில் அள்ளும் சன் கோரலும் வன்பவளம்தான். அக்ரோபோரா, மோண்டிபோரா மாதிரி கிளையும் தட்டுமாக வளர்பவை பார்த்ததுமே கல் என்று தெரிந்துவிடும், அவற்றில் யாரும் ஏமாற மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: ஒரு பூவில் (ஒரு வாயும் அதைச் சுற்றிக் கொம்புகளும் உள்ள ஒவ்வொரு பாலிப்பையும் பூ என்கிறேன்) எத்தனை கொம்பு? சரியாக எட்டு கொம்பு, ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் இறகுக் கீற்று இருந்தால் அது எண்கொம்புக் கூட்டம். லெதர், ஸ்டார் பாலிப், ஸீனியா, கென்யா ட்ரீ எல்லாம் அதில் சேரும். நிறையக் கொம்புகள், இறகில்லாமல் மழமழவென்று இருந்தால் ஜோவா, மஷ்ரூம், வன்பவளம், கடல் அனிமோன் இவற்றில் ஒன்று. அப்போது முதல் கேள்விக்குத் திரும்பி வாருங்கள்.

இனி ஒவ்வொன்றாக.

மஷ்ரூம்: பாறையில் ஒட்டிய தட்டையான வட்டம், நடுவில் வாய். மேலே வழவழப்பாகவோ சிறு முண்டுகளோடோ இருக்கும். இதைப் போலவே வட்டமாக இருக்கும் ப்ளேட் பவளத்தைத் தூக்கினால் அடியில் கனமான கல் இருக்கும், அது கூடாது. ‘யானைக்காது’ என்று பெரிய மஷ்ரூம் ஒன்று உண்டு. சட்டப்படி தொல்லையில்லை, ஆனால் மூடிக்கொண்டு சின்ன மீனை விழுங்கும்.

ஜோவா: சட்டைப் பொத்தான் அளவில் வட்டங்கள் கூட்டமாக இருக்கும். விளிம்பில் மட்டும் இரண்டு வரிசைக் குட்டைக் கொம்பு, நடுவில் கீறலாக வாய். பாலிதோவா இதன் தடித்த உறவு. தண்டு சொரசொரவென்றிருக்கும், தன் சதைக்குள்ளேயே மணலைச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு. ஜோவாக்களுக்கு நிறத்தைப் பார்த்து விதவிதமாகப் பட்டப்பெயர் வைத்து விலை ஏற்றுவார்கள். முதல் தொட்டிக்கு அந்தப் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். வளர்ப்பு முறையில் வித்தியாசம் ஏதும் இல்லை. நடுவில் பழுப்பாக, மெல்லிய நீளக் கொம்போடு ஒற்றையாக ஒன்று நின்றால் அது ஐப்டேசியா அனிமோன் என்னும் களை. அது இருக்கும் துண்டே வேண்டாம்.

லெதர்: தடித்த தண்டு, மேலே குடை. குடை முழுக்கச் சிறு பூக்கள். ஒரு வகை விரல்விரலாகப் பிரியும். நிறம் பழுப்பு, கிரீம், இளம்பச்சை. தண்டு முதல் குடை வரை ஒரே சீராகப் பளீர் மஞ்சளோ ரோஸோ இருந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

கிரீன் ஸ்டார் பாலிப்: ஊதா நிறத் தோல் விரிப்பு, அதன்மேல் பச்சைப் பூக்கள். தட்டினால் பூ முழுவதும் உள்ளே போய் விரிப்பு மட்டும் நிற்கும். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஆர்கன் பைப் பவளத்தின் பூவும் எட்டுக் கொம்போடு கிட்டத்தட்ட இப்படியேதான் இருக்கும். அடியைத் திருப்பிப் பாருங்கள். செங்கல் சிவப்பில் சின்னச் சின்னக் குழாய்கள் அடுக்கியிருந்தால் அது முதல் பட்டியல், கீழே வைத்துவிடுங்கள்.

ஸீனியா: பூக்கள் கையை மூடித் திறப்பதுபோலத் துடிக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கென்யா ட்ரீ: தொளதொளவென்று கிளைவிடும். கிளையைத் தானே உதிர்த்து, விழுந்த இடத்தில் முளைக்கும்.

வளையும் கம்பி மாதிரி நடுத்தண்டோடு கிளைத்திருந்தால் கோர்கோனியன். கடல்விசிறிக் குடும்பம், கூடாது. கார்னேஷன் என்று ரத்தச் சிவப்பில் ஒன்று விற்பார்கள். அது பட்டியலில் இல்லாவிட்டாலும் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாசி அதன் உடலில் கிடையாது. நாள் முழுக்க நுண்ணுணவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் பட்டினியால் சாகும்.

4. பில், செலவு, பார்சல்

பில்லில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கடையின் ஜிஎஸ்டி எண், தேதி, பவளத்தின் அறிவியல் பெயர். ‘சாஃப்ட் கோரல் – 3 பீஸ்’ என்று எழுதியதை வாங்காதீர்கள். சார்கோஃபைட்டன், சினுலேரியா (இரண்டும் லெதர்), டிஸ்கோசோமா (மஷ்ரூம்), சோவாந்தஸ் (ஜோவா) என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் எழுதித் தருவார்கள். கொச்சி, திருவனந்தபுரம் பக்கமிருந்து வரும் பெட்டி மாநில எல்லையைத் தாண்டித்தான் வருகிறது, களியக்காவிளையில் யாராவது திறந்து பார்த்துக் கேட்டால் காட்ட அந்தக் காகிதம்தான் உண்டு. பில்லையும் பவளத்தின் அடிப்பக்கப் படத்தையும் போனில் சேர்த்து வையுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். நான் விசாரித்தவரை சாதாரண மென்பவளத் துண்டு சில நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை போகிறது. செலவில் பவளம்தான் கடைசி. விளக்கு, உப்பு, டெஸ்ட் கிட், ஆர்ஓ வடிகட்டி என்று அதற்கு முன்னாலேயே பெரும் தொகை போயிருக்கும். குளிரூட்டும் சில்லர் வாங்குவதென்றால் அது ஒன்றே இருபதாயிரத்தைத் தாண்டும். மாதச் செலவு என்று பார்த்தால், 100 லிட்டர் தொட்டியில் வாரம் 10 லிட்டர் மாற்ற மாதம் ஒன்றரைக் கிலோ உப்பு ஆகும். மென்பவளத்துக்குக் கால்சியம் மருந்து ஊற்றும் வேலை அனேகமாக இல்லை, தண்ணீர் மாற்றினாலே போதும். பாட்டில் பாட்டிலாக விற்கும் ‘கோரல் பூஸ்டர்’களைத் தொடாமல் கடந்து போங்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்து வரவழைப்பதானால் ராத்திரி ஏற்றி காலையில் கையில் கிடைக்கிற மாதிரி பாருங்கள். தெர்மாகோல் பெட்டி கட்டாயம். சனிக்கிழமை அனுப்ப விடாதீர்கள், ஞாயிறு குடோனில் கிடந்தால் அவிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெளியூரிலிருந்து வரவழைக்காமலிருப்பதே நல்லது. முடிந்தால் திருவனந்தபுரத்துக்கு நேரில் போய் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தை எந்த மென்பவளமும் தாங்கும்.

மீனுக்கும் ஒரு வார்த்தை: விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிட அப்படி வளர்த்த மீன் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

5. பெட்டியைத் திறந்த பிறகு

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திறங்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாலிதோவாவிலும் சில ஜோவாக்களிலும் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது, உயிருக்கே ஆபத்தானது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதீர்கள். பிழிந்தால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணில் படக்கூடாது. ஜோவா ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைப்பதும், வெந்நீர் ஊற்றுவதும், காயவைத்து பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடவே கூடாது. ஆவியிலும் தூசியிலும் விஷம் ஏறி வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன. சமையலறைப் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

பையைத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு புது வாளியில் கொட்டி, மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை அரை மணி நேரம் சேருங்கள். அடுத்து கோரல் டிப் மருந்தில் பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் மட்டும் முக்கி, அதே தண்ணீரில் லேசாக ஆட்டுங்கள். ஜோவாவைத் தின்னும் குட்டி நத்தைகள், ஓடில்லாப் பூச்சிகள் அடியில் விழுவதைப் பார்க்கலாம். முட்டைகள் மருந்தில் சாகாது. பிளக்கின் (ஃப்ராக் ஒட்டியிருக்கும் சின்ன அடிக்கல்) அடியில் சுருளாக, வெள்ளையாக ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள், முடிந்தால் பிளக்கையே மாற்றிவிடுங்கள். பையில் வந்த தண்ணீர் தொட்டிக்குள் ஒரு சொட்டும் போக வேண்டாம். சில கடைகள் மீன் நோய்க்குத் தாமிர மருந்து போடும், பவளத்துக்கு அது எமன்.

6. எதை எங்கே வைப்பது

எதுவானாலும் முதல் வாரம் தொட்டியின் அடித்தளத்தில் வையுங்கள். விளக்கைப் பாதி அளவில் ஓட விட்டு, இரண்டு மூன்று வாரத்தில் பவளத்தைப் படிப்படியாக அதற்குரிய இடத்துக்கு ஏற்றலாம். வெளிச்சம் குறைவதால் மென்பவளம் சாக மாதங்கள் ஆகும். கூடினால் மூன்றே நாளில் வெளுத்துவிடும்.

வெளிச்சத்தை பார் என்ற அளவில் சொல்வார்கள். அதை அளக்கும் மீட்டர் விலை அதிகம், நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கித் தொட்டியின் மூலை மூலையாக அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மஷ்ரூமுக்கு 30 முதல் 80 போதும். ஜோவா, ஸ்டார் பாலிப்புக்கு 60 முதல் 150. லெதருக்கு 100 முதல் 200. மீட்டர் கிடைக்காவிட்டால் பவளத்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஜோவாவின் தண்டு நீண்டு கழுத்தை மேலே நீட்டினால் வெளிச்சம் போதவில்லை. மஷ்ரூம் விளிம்பைச் சுருட்டிக்கொண்டு சின்னதானால் வெளிச்சமோ ஓட்டமோ அதிகம்.

மஷ்ரூமுக்குப் பாறையின் அடிப்பகுதி, நிழல் விழும் பக்கம், ஓட்டம் குறைந்த மூலை. ஜோவாவுக்குப் பாறையின் நடுவிலிருந்து கீழ்வரை எங்கும் சரி. மேலே அழுக்குப் படியாத அளவுக்கு ஓட்டம் இருக்கட்டும்.

லெதருக்கு நடு உயரத்தில், சுற்றிலும் ஒரு சாண் காலியாக விட்டு இடம் ஒதுக்குங்கள். வாங்கும்போது கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒன்றிரண்டு வருடத்தில் குடை அகலமாகிக் கீழே இருப்பதற்கெல்லாம் வெளிச்சத்தை மறைத்துவிடும். அதன் நேர் அடியில் ஜோவாவை வைக்காதீர்கள். ஓட்டம் கொஞ்சம் பலமாக, ஆனால் விட்டுவிட்டு வரட்டும். வேவ்மேக்கரின் (தண்ணீரை ஓட வைக்கும் மோட்டார்) வாய் எந்தப் பவளத்தையும் நேராகப் பார்க்கக் கூடாது.

ஸ்டார் பாலிப்பையும் ஸீனியாவையும் முக்கியப் பாறையில் ஒட்டவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு வருடத்தில் பாறை முழுவதையும் மூடி, ஜோவாவையும் மஷ்ரூமையும் அமுக்கிவிடும். மற்றப் பாறைகளிலிருந்து தள்ளி, வெறும் தரை சூழத் தனிக் கல் ஒன்றில் வையுங்கள். தாண்டி வருவதைக் கத்தியால் வெட்டிவிடலாம். ஸ்டார் பாலிப்பைப் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டினால் புல்வெளியாகப் படரும், அது அழகுதான். கென்யா ட்ரீயையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மென்பவளங்கள் கொட்டிச் சண்டை போடுவது குறைவு, தண்ணீரில் ரசாயனத்தைக் கசியவிட்டு அண்டை வீட்டை வளரவிடாமல் செய்யும். லெதர் இதில் பலே ஆள். அதனால் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை போட்டு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இருநூறு ரூபாயில் முடிகிற வேலை.

7. ஒட்டுவது

ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) போதும், சாதாரணக் கடையிலேயே கிடைக்கும். பாறையில் ஒட்டும் இடத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பிளக்கில் பசையைத் தாராளமாக வைத்து, தண்ணீருக்கடியில் திருகிக்கொண்டே அழுத்துங்கள். மேலே தோல் படிந்து வழுக்கினால் இன்னொரு தடவை.

மஷ்ரூம் பசையில் நிற்காது, சளியை விட்டு நழுவிவிடும். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கல்துண்டுகளைப் போட்டு மஷ்ரூமை உள்ளே விட்டு, மேலே கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டி, ஓட்டமில்லாத மூலையில் வையுங்கள். இரண்டு வாரத்தில் தானே ஏதாவது கல்லைப் பிடித்திருக்கும், அந்தக் கல்லை ஒட்டிவிடலாம். லெதர் துண்டாக வந்தால் தண்டில் பல்குச்சியைக் குத்தி, குச்சியைக் கல்லோடு ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.

8. முதல் மாதம்

தினமும் இடம் மாற்றாதீர்கள். ஏற்றி முடித்து வைத்த இடத்தில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

லெதர் நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும், பூவை மூடிக்கொண்டு பளபளவென்று நிற்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது தோல் உரிக்கிறது. அவித்த முட்டையின் மேல் இருக்கும் சவ்வு மாதிரி ஒரு மெல்லிய ஏடு கழன்று வரும், அந்தப் பக்கம் கொஞ்சம் ஓட்டத்தைக் கூட்டினால் சீக்கிரம் போய்விடும். உண்மையாகவே சாகும் லெதர் தண்டில் கறுத்து, குழைந்து, நாற்றமடிக்கும். அப்போது அந்தப் பகுதியை மட்டும் சதை நன்றாக இருக்கும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, கார்பனை மாற்றுங்கள்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்பு ஆவியாவதில்லை. உப்புத் தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றினால் ஒரு மாதத்தில் அளவு எங்கேயோ போயிருக்கும். தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள், பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும்.

9. வெயில், மழை, கரண்ட்

மார்ச் முதல் மே வரை தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாகி இரண்டு டிகிரி இறங்கும், ஆனால் நம் கரையோரப் புழுக்கத்தில் அதுகூடச் சில நாள் கிடைக்காது. மென்பவளம் 28, 29 வரை சமாளிக்கும். அதற்கு மேல் தொடர்ந்து போனால் சில்லர்தான் வழி. விளக்கைப் பகலில் போடாமல் மாலை மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை ஓட்டினால் வெப்பம் கொஞ்சம் குறையும், ஆபீஸ் விட்டு வந்து பார்க்கவும் வசதி.

மழைக்காலத்தில் ரப்பர் மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முதலில் தீர்வது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன், வெளிச்சம் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் பவளம் கவலைப்படாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இன்வெர்டர் இருந்தால் வேவ்மேக்கரை மட்டும் அதில் மாட்டுங்கள், விளக்கு வேண்டாம். அந்த நாளில் மீனுக்குத் தீனியும் போடாதீர்கள்.

10. மிஞ்சியதை என்ன செய்வது

ஸீனியாவும் ஸ்டார் பாலிப்பும் சீக்கிரம் பெருகிவிடும். வெட்டிய துண்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், பெயரையும் எழுதிக் கொடுங்கள். கடலில் கொண்டு விடாதீர்கள். எங்கிருந்தோ வந்த உயிரும் அதோடு வந்த நோயும் நம் கடலில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜோவாத் துண்டை எறிய வேண்டியிருந்தால் ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

மாற்றி எடுத்த உப்புத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றக் கூடாது. தென்னைக்கு ஊற்றலாம், அதன் மூட்டில் உப்புப் போடுவது நம் ஊரில் பழக்கம்தானே. ஆனால் மரம் மாற்றி மாற்றி ஊற்றுங்கள், பக்கத்தில் வாழை நின்றால் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாழைக்கு உப்பு ஆகாது.